முதல் ரைபிள் வாங்குமுன்: நெல்லைச் சீமைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் (ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்ற கைப்பிடியை இழுத்துத் தள்ளிச் சுடுவது) ஒன்று வேண்டும் என்று தோன்றியதும் நான் முதலில் போய் நின்ற இடம் துப்பாக்கிக் கடை. அதுதான் முதல் தப்பு. கையில் உரிமம் இல்லை, விண்ணப்பம்கூடப் போடவில்லை. கடைக்காரர் எடுத்துக் காட்டிய .315 ரைபிளின் (எண் குழலின் உள்ளளவு, அங்குலத்தில்) போல்ட்டை ஒருமுறை இழுத்துத் தள்ளிப் பார்த்த மயக்கத்தில், பதினைந்தாயிரம் ரூபாய் முன்பணம் எண்ணிக் கொடுத்துவிட்டு அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏறினேன். அந்தப் பணம் திரும்பி வரப் பதினோரு மாதம் ஆனது, அதுவும் இரண்டாயிரம் பிடித்தம் போக. அந்த ரைபிள் வீட்டுக்கு வரவே இல்லை. இன்று என்னிடம் இருப்பது அப்பா வைத்திருந்த பழைய .315. அதைச் சட்டப்படி என் பெயருக்குக் கொண்டுவர மொத்தம் பதினாறு மாதம் பிடித்தது.

நான் நடந்த வரிசை முழுக்கத் தலைகீழ். நடந்திருக்க வேண்டிய வரிசையில் கீழே எழுதுகிறேன். ரைபிளைத் தேர்ந்தெடுப்பது ஐந்தாவது படியில்தான் வருகிறது. அதுவரை பொறுமை இல்லாதவர்கள் என் பதினைந்தாயிரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

1. ‘வேட்டை’ என்ற சொல்லை முதலில் மறந்துவிடுங்கள்

பன்றிக் கூட்டம் ஒன்று இரண்டே வாரத்தில் எங்கள் அரை ஏக்கர் வாழையைக் குத்திச் சாய்த்திருந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் விண்ணப்பம் எழுதியதால், நோக்கம் என்ற கட்டத்தில் ‘பன்றி வேட்டை’ என்றே போட்டுவிட்டேன். ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமப் பிரிவைப் பார்க்கும் உதவியாளர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “அண்ணாச்சி, இதை மேலே அனுப்பினால் உரிமம் வராது, ஃபாரஸ்ட்காரர்தான் வருவார். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதிக்கொண்டு வாருங்கள்.”

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. மானுக்கும் மிளாவுக்கும் மட்டுமல்ல, கடலைக் காட்டில் ஓடும் முயலுக்கும், கவுதாரிக்கும், மயிலுக்கும் அதே தடைதான். காட்டுப்பன்றி, 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பட்டியல்களின்படி, அந்தச் சட்டம் காக்கும் விலங்குகளின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. பயிரை அழிக்கிறது என்பதற்காக நிலத்துக்காரர் சுட்டுவிட முடியாது.

2025 ஜனவரியில் தமிழக அரசு பன்றி விஷயத்தில் ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம், ஆனால் சுடுகிறவர் வனத்துறையினர். இந்தச் செய்தி வந்த வாரத்தில் எங்கள் ஊர் டீக்கடையில் “இனிமேல் பன்றியைச் சுடலாமாம்” என்பதோடு வாக்கியம் முடிந்துவிட்டது. சுடுகிறவர் யார் என்ற பகுதி டீக்கடைக்கு வந்து சேரவில்லை. உங்கள் உரிமம், உங்கள் துப்பாக்கி, உங்கள் வாழை என்றாலும் நீங்கள் சுட்டால் அது குற்றம். வழக்கில் தண்டனை ஆனால், அந்தத் துப்பாக்கியின் உரிமத்தை ரத்து செய்து, ஐந்து ஆண்டுக்கு வேறு உரிமமே கிடைக்காதபடி நீதிமன்றம் உத்தரவிட முடியும்.

ஆகவே அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் உறவுக்காரர்கள் ‘முதல் வேட்டை ரைபிள்’ பற்றிச் சொல்லும் யோசனைகளைக் கேட்டு ரசிக்கலாம், பின்பற்ற முடியாது. அவர்கள் பரிந்துரைக்கும் குண்டு அளவுகளில் பாதி இங்கே குடிமக்களுக்குக் கிடையாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2. உங்கள் காரணம் எந்தக் கதவு என்று பாருங்கள்

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவை ஒருமுறை நிதானமாகப் படித்திருந்தால் என் முன்பணம் தப்பியிருக்கும். அந்தப் பிரிவு எல்லாத் துப்பாக்கியையும் ஒரே தட்டில் வைப்பதில்லை.

பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உண்மையான தேவையோடு கேட்டால் அது காட்டும் துப்பாக்கி, வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய வகை. அது போதாது என்று அதிகாரிக்குப் பட்டால், உள்ளே வரி இல்லாத வழவழப்பான குழல் கொண்ட வேறு துப்பாக்கி, அதாவது நம் ஊரில் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் என்கிறோமே, அது. ரைபிள் இந்தக் கதவுக்குள் வரவே வராது. பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதிவிட்டு .315 கேட்பவர்களின் கோப்பு ஏன் நகராமல் கிடக்கிறது என்பதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை.

மத்திய அரசு அங்கீகரித்த ரைபிள் கிளப்பின் உறுப்பினர், இலக்குப் பயிற்சிக்காக .22 ரைபிள் கேட்டால், அதற்குச் சட்டம் தனியாக ஒரு கதவு வைத்திருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. என் சித்தப்பா மகன் இந்த வழியில்தான் போனான். அவனுக்கும் அலைச்சல் இருந்தது, ஆனால் “எதற்கு ரைபிள்?” என்ற கேள்விக்கு அவன் கையில் பதில் இருந்தது. சேருமுன் அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள். பெயர்ப்பலகையில் ரைபிளின் படம் போட்டிருப்பது அங்கீகாரம் ஆகாது.

மூன்றாவது வாரிசு வழி. உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்தவர் இறந்துவிட்டால் அவருடைய சட்டப்படியான வாரிசு அதே ஆயுதத்துக்கு உரிமம் கேட்கலாம். உயிரோடு இருந்தாலும், உரிமதாரருக்கு எழுபது வயது ஆகிவிட்டால் அல்லது அவர் இருபத்தைந்து ஆண்டு அந்த ஆயுதத்தை வைத்திருந்தால், வாரிசுக்கு மாற்ற 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் இடம் இருக்கிறது. இந்த இரண்டாம் பாதி நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. இறக்கும்போது அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. கேட்டிருந்தால் அவரே கையெழுத்துப் போட்டு முடித்துக் கொடுத்திருப்பார். நாங்கள் யாரும் கேட்கவில்லை.

இந்த மூன்றிலும் அடங்காத எந்த ரைபிளுக்கும் ‘தக்க காரணம்’ இருக்கிறது என்று உரிமம் வழங்கும் அதிகாரி நம்ப வேண்டும். உயிருக்கு மிரட்டல் என்றால் அதற்கான புகார், வழக்கு எண் போன்றவை கையில் இருக்க வேண்டும். வெறும் ஆசையைக் காரணமாகச் சொல்லி உரிமம் வாங்கியவரை நான் பார்த்ததில்லை.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். உரிமதாரர் இறந்த பிறகு துப்பாக்கியைப் பீரோ மேல் வைத்துவிட்டு, “பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், வருஷம் கழியட்டும்” என்று இருப்பது. உரிமம் அவரோடு போய்விட்டது. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்பது 2019-இல் வந்த திருத்தம். அடுப்படிப் பரணில் கிடக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் இதுதான்.

3. பத்துக் கிலோமீட்டர் கணக்கைப் போடுங்கள்

என் கோப்பு நான்கு மாதம் எங்கே போனது என்று தேடியபோதுதான் இது தெரிந்தது. வன உயிரினச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி, ஒரு சரணாலயத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய ஆயுத உரிமம் தர வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். அவர் சென்னையில் இருக்கிறார். கோப்பு அங்கே போய்த் திரும்ப வேண்டும்.

பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு பக்கத்துக்காரர்களுக்குக் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வீட்டு வாசலில் இருப்பதால் இது ஆச்சரியமாக இராது. ஆனால் சரணாலயம் என்றால் மலை என்று நினைத்துக்கொண்டிருக்கும் சமவெளிக்காரர்கள் கவனியுங்கள். கங்கைகொண்டானில் புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது; திருநெல்வேலியின் வடபக்கத்து ஊர்கள் பல அதன் வட்டத்துக்குள் வரும். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். மாவட்ட எல்லையைத் தாண்டினால் வல்லநாட்டில் வெளிமான் சரணாலயம். சட்டம் மாவட்ட எல்லையைப் பார்ப்பதில்லை, தூரத்தைத்தான் பார்க்கிறது. ஒரு வரைபடத்தில் உங்கள் வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். சரணாலயம் ஏதாவது உள்ளே விழுந்தால், விண்ணப்பத்தோடு ஒரு தனித் தாளில் அதைக் குறிப்பிட்டு, வனத்துறை இசைவுக்கு அனுப்பும்படி நீங்களே கேட்டுவிடுங்கள். யாராவது ஆறாவது மாதத்தில் கண்டுபிடித்துக் கோப்பைத் திருப்பி அனுப்புவதைவிட அது நல்லது.

4. காகிதக் கட்டும் காத்திருப்பும்

எங்கே விண்ணப்பிப்பது? மாவட்டத்தில் ஆட்சியர்தான் உரிமம் வழங்கும் அதிகாரி. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் கொக்கிரகுளத்தில். காவல் ஆணையர் இருக்கும் மாநகரப் பகுதிக்குள் நீங்கள் குடியிருந்தால் ஆயுதச் சட்டத்தின் விளக்கப்படி அந்த அதிகாரம் ஆணையருக்கு. தென்காசி, கடையம், ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அப்பாவின் உரிமம் திருநெல்வேலியில் கொடுத்ததாக இருக்கும், நீங்கள் விண்ணப்பிப்பது தென்காசியில். பழைய பதிவேட்டின் நகலை இங்கிருந்து அங்கே வரவழைப்பதற்கு முதல் வாரத்திலேயே மனு கொடுங்கள்.

விண்ணப்பத்தை உள்துறை அமைச்சகத்தின் ஆயுத உரிம இணையதளத்தில் ஏற்றி, அச்செடுத்து, கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். தனிநபருக்கு உரியது ஏ-1 படிவம். வயது 21 நிறைந்திருக்க வேண்டும்.

நான் கட்டிக்கொண்டு போன கட்டு இது: வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படங்கள் நான்கு, ஆதார், பிறந்த தேதிச் சான்று, முகவரிச் சான்று, உடல் மற்றும் மனநலத்துக்கான மருத்துவச் சான்று எஸ்-3 படிவத்தில், ஆயுதத்தைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று, வீட்டில் எங்கே எப்படிப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி. வாரிசு வழி என்பதால் கூடுதலாக அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்றிதழ், அவருடைய பழைய உரிமப் புத்தகம், ஆயுதத்தை ஒப்படைத்த ரசீது, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற பிரமாணப் பத்திரம். வாரிசுச் சான்றிதழை இ-சேவை மையத்தில் போட்டு வட்டாட்சியரிடம் வாங்கிவிடலாம். ஆட்சேபணை இல்லாக் கடிதம்தான் இழுக்கும். என் தங்கை மும்பையில் இருக்கிறாள். அவள் அங்கே நோட்டரியிடம் எழுதி அனுப்பிய தாளில் ரைபிள் என்பதற்குப் பதில் ரிவால்வர் என்று தட்டச்சாகி வந்தது. இன்னொரு மாதம் போனது. மாதிரி வாசகத்தை நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள்.

இதில் மருத்துவச் சான்றையும் புகைப்படத்தையும் கடைசியாக எடுங்கள். மற்றவை சேருவதற்குள் மருத்துவச் சான்று பழசாகிவிட்டது என்று என்னை இரண்டாம் முறை அனுப்பினார்கள்.

பிறகு விசாரணை. விதிப்படி காவல் துறை அறிக்கை முப்பது நாளில் வர வேண்டும். அறிக்கை கிடைத்த அறுபது நாளில் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். எனக்கு அறிக்கை மட்டும் ஐந்து மாதம். காவலர் வீட்டுக்கு வந்தபோது நான் வயலில் இருந்தேன். ‘ஆள் இல்லை’ என்று எழுதிப் போய்விட்டார். செல்பேசி எண்ணைக் காவல் நிலையத்தில் கொடுத்து, எந்த நாள் வருவார்கள் என்று கேட்டுக்கொண்டு வீட்டிலேயே இருங்கள். பூட்டி வைக்கும் இடத்தைக் காட்டச் சொல்வார்கள், ஆகவே பெட்டி முன்பே சுவரில் பதிந்திருக்கட்டும். அண்டை வீட்டாரையும் கேட்பார்கள். வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு என்று உங்கள் பெயரில் பழைய மனு ஏதாவது கிடந்தால் அது இப்போது எழுந்து உட்காரும். மறைக்காதீர்கள். விண்ணப்பத்தில் மறைத்தது பிறகு தெரியவந்தால், தகராறைவிட மறைத்ததுதான் பெரிய காரணமாகிவிடும். மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆயுதச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு உண்டு.

‘வேகமாக முடித்துத் தருகிறேன்’ என்று ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே நிற்கும் ஆட்களைப் பற்றி ஒரு வரி: கொடுக்காதீர்கள்.

5. எந்தக் குண்டு அளவு

இப்போது ரைபிளுக்கு வருவோம்.

ராணுவம் பயன்படுத்தும், பயன்படுத்திய குண்டு அளவுகள் குடிமக்களுக்குத் தடை வகையில் போகும். .303 அப்படித்தான், 7.62 மி.மீ. அப்படித்தான். “தாத்தா காலத்து .303 ஒன்று இருக்கிறது, மலிவாகத் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டுக்காரர்கள் முதல் ரைபிளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் .308 என்பது 7.62-இன் உடன்பிறப்பு.

மிச்சம் நடைமுறையில் மூன்று: .22, .315, .30-06. கடைசியானதை முதல் ரைபிளாக யோசிக்கவே வேண்டாம். விலையும், சுடும்போது தோளில் வாங்கும் உதையும் அதிகம், தோட்டாவும் சுலபமாகக் கிடைக்காது.

.315 நம் நாட்டில் பழகிய ரைபிள். இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்தது. உள்ளமைப்பு, .303 குண்டு போடும் பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான லீ என்ஃபீல்டின் வழி. அந்த .303-ஐத் தடை செய்துவிட்டதால், அதே உடம்பில் வேறு குண்டு. குண்டு சுமார் 16 கிராம்; .22-இன் குண்டு இரண்டரை கிராமுக்குக் கொஞ்சம் கூட. இந்த வித்தியாசத்தைத் தோளில் உணர்ந்தால்தான் புரியும். நான் முதல் முறை சுட்டபோது ரைபிளின் மரக்கட்டையைத் தோளுக்குச் சரியாக அணைக்கவில்லை. மூன்று நாள் சட்டை போட வலித்தது.

.315-இன் உண்மையான குறை உதை அல்ல. சுட்டுப் பழக இடம் இல்லை என்பதுதான். .22-க்கு ஏற்ற பயிற்சித் திடல்கள் பலவற்றில் அதை உள்ளே விடமாட்டார்கள். சொந்தக் காட்டில் பனைமரத்தைப் பார்த்துச் சுடலாம் என்று நினைக்காதீர்கள். .22 குண்டே தவறினால் இரண்டு கிலோமீட்டர் வரை போகும்; .315 அதையும் தாண்டும். நம் சமவெளியில் இரண்டு கிலோமீட்டருக்குள் ஓர் ஊர், ஒரு கோயில், ஆடு மேய்க்கும் ஒருவர் இல்லாத திசை எது?

என் தீர்ப்பைக் கேட்டால்: குடும்பத்தில் .315 ஏற்கெனவே இருந்தால் அதை வாரிசு வழியில் காப்பாற்றிக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் .22 போல்ட் ஆக்‌ஷனை வாங்குங்கள். தோட்டா விலை குறைவு, உதை இல்லை, மாதம் இரண்டு முறை திடலுக்குப் போய் நூறு குண்டு சுடலாம். என் சித்தப்பா மகன் ஒரே ஆண்டில் சுட்டுப் பழகியதில் நூறில் ஒரு பங்குகூட நான் .315-இல் சுட்டதில்லை.

ஒரு வேளை உங்களுக்கு வேண்டியது இலக்குப் பயிற்சி மட்டும்தான் என்றால், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலுள்ள .177 ஏர் ரைபிளுக்கு உரிமமே தேவையில்லை. அதையும் கொக்கு, புறா பக்கம் திருப்பினால் முதல் படிக்கே திரும்பிவிடுவீர்கள்.

6. ரைபிளைக் கையில் எடுத்துப் பார்ப்பது

பழைய ரைபிளை வாங்கினாலும், வாரிசாக வந்ததை மீட்டாலும் இதைச் செய்யாமல் கையெழுத்துப் போடாதீர்கள். கடையிலோ உரிமதாரர் முன்னிலையிலோ, பகல் வெளிச்சத்தில், ஒரு வெள்ளைக் கைக்குட்டையும் சின்ன டார்ச்சும் வைத்துக்கொண்டு பாருங்கள். கையில் வாங்கியதும் போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறைக்குள் சுண்டு விரலை விட்டுத் தோட்டா இல்லை என்று தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணை மட்டும் நம்பக் கூடாது. எதிரில் நிற்பவர் “காலிதான் அண்ணாச்சி” என்று சொன்னாலும் செய்யுங்கள்.

போல்ட்டை வெளியே எடுத்துவிட்டுக் குழலின் பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். உள்ளே வரிகள் சுருண்டு செல்வது கூர்மையாகத் தெரிய வேண்டும். புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தால் துரு தின்ற குழி. எண்ணெய் போட்டுத் துடைத்தால் பளபளப்பு வரும், குழி போகாது. அப்பாவின் ரைபிளில் வாய்ப்பக்கத்து நான்கு விரல் நீளத்துக்கு அப்படி இருந்தது. உவரி, திருச்செந்தூர்க் கரையோரத்தில் உப்புக்காற்று என்றால், எங்கள் பக்கம் சாரல் பருவத்து ஈரம். அதோடு அப்பா இருபது ஆண்டாகத் தேங்காய் எண்ணெய்தான் போட்டு வந்திருக்கிறார். அது நாளாவட்டத்தில் பிசினாகி, போல்ட்டுக்குள், தோட்டாவைத் தட்டும் ஊசியைச் சுற்றிப் பழுப்பு மெழுகாக இறுகியிருந்தது. பழுது பார்ப்பவர் அதை மண்ணெண்ணெயில் ஊற வைத்து, குச்சியால் சுரண்டி எடுத்துக் காட்டினார். பல்லி முட்டை அளவுக்கு உருண்டை உருண்டையாக வந்தது.

குழலின் வாய் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அடிபட்டு நெளிந்திருந்தால் குண்டு நேராகப் போகாது. கட்டையில், கைப்பிடியின் கழுத்துப் பகுதியிலும் இரும்பு முடியும் இடத்துக்குப் பின்னாலும் மயிரிழை விரிசல் இருக்கும். வார்னிஷ் புதிதாகப் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய ரைபிளுக்கு யாரும் அழகுக்காக வார்னிஷ் பூசுவதில்லை.

போல்ட்டைத் தள்ளி மூடும்போது .315-இல் கடைசி இரண்டு விரல்கடைத் தூரத்தில் கொஞ்சம் அழுத்தம் கேட்கும். அது கோளாறு அல்ல. லீ வகையில் மூடும்போதுதான் ஊசியின் வில் இறுகும். ஜெர்மானிய மவுசர் வகையில் திறக்கும்போது இறுகும். சுடும் விசையை (ட்ரிகர்) இழுத்தால் முதலில் ஒரு தளர்ந்த இழுப்பு, பிறகு நிற்கும், பிறகு விடுபடும். பாதுகாப்புப் பூட்டைப் போட்டுக்கொண்டு விசையை இழுத்துப் பாருங்கள். ஊசி விழவே கூடாது. .22-இல் வெறும் அறையோடு விசையை இழுத்துப் பார்க்காதீர்கள், ஊசி குழல் விளிம்பில் மோதி இரண்டுமே கெடும். டம்மி தோட்டா கேளுங்கள்.

போல்ட்டும் குழலும் ஒன்றுக்கொன்று பிறந்தவையா என்பதை எண்ணைப் பார்த்துச் சொல்லலாம். போல்ட் கைப்பிடியில் வெட்டிய எண்ணும் உடம்பில் வெட்டிய எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால், தோட்டா உட்காரும் இடைவெளியைப் பழுது பார்ப்பவர் அளவுக் கருவி போட்டுப் பார்க்காமல் ஒரு குண்டுகூடச் சுடாதீர்கள். அந்த வெடிப்பு நடப்பது உங்கள் முகத்துக்கு ஒரு சாண் முன்னால்.

எண் என்றதும் என்னுடைய பெரிய சறுக்கல். அப்பாவின் உரிமப் புத்தகம் கையால் எழுதியது. அதில் எண்ணின் மூன்றாவது இலக்கம் ‘1’. ரைபிளில் கரியும் எண்ணெயும் அடைந்த எழுத்தைத் துணியால் துடைத்தபோது தெரிந்தது ‘7’. முப்பது ஆண்டுக்கு முன் ஓர் எழுத்தர் மேல்கோட்டைக் கொஞ்சம் குட்டையாக இழுத்திருக்கிறார், அடுத்த புதுப்பித்தலில் அதை ஒன்று என்று படியெடுத்திருக்கிறார்கள், அப்படியே வந்திருக்கிறது. காகிதத்தின்படி என்னிடம் வரவேண்டிய ரைபிள் உலகத்தில் எங்குமே இல்லை. என்னிடம் இருக்கும் ரைபிளுக்கு உரிமம் இல்லை. திருத்த மூன்று மாதம். விண்ணப்பிக்கும் முன்பே, ஆயுதம் ஒப்படைத்திருக்கும் இடத்துக்குப் போய் எண்ணைப் படம் எடுத்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

கடைசியாக அளவு. கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால், சுட்டுவிரலின் முதல் மூட்டு விசையைத் தொட வேண்டும். எட்டவில்லை என்றால் கட்டை நீளம். தாண்டிப் போனால் குட்டை. முன்பக்கம் கனமாகச் சாய்ந்தால் நின்று சுடப் பழகுவது கஷ்டம். தொலைநோக்கியை முதல் ஆண்டில் வாங்காதீர்கள்.

7. செலவு, என் கணக்கில்

பட்டியல் போட்டு விலை சொல்லப் போவதில்லை. ரைபிளின் விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. மூன்று கடையில் எழுத்தில் வாங்குங்கள், வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். உரிமம் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். அரசுக் கட்டணம் என் செலவில் மிகச் சிறிய பங்கு. மற்றவை: சுவரில் பதித்த இரும்புப் பெட்டி பதினோராயிரம். ரைபிளைக் கழுவி, ஊசியின் வில்லை மாற்றி, சோதித்துத் தந்த கூலி மூவாயிரத்து ஐந்நூறு. கடையில் காவலில் வைத்ததற்கு மாதம் இருநூறு வீதம் பதினாறு மாதம். நோட்டரி, நகல், புகைப்படம், பஸ், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து எட்டாயிரத்தைத் தாண்டியது. போன நாட்களை எண்ணினால் முப்பத்தொன்று. நடவு நேரத்தில் போனவை அதில் ஒன்பது.

ரைபிளைக் கடையில் ஒப்படைக்கும்போதே காவல் வாடகையை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். எடுக்கும் நாளில் ‘எண்ணெய் போட்டதற்கு’ என்று ஒரு புதுக் கணக்கு வரும்.

8. வீட்டுக்கு வந்த பிறகு

ரைபிள் விவரம் உரிமத்தில் ஏறியிருக்கிறதா, எண் சரியா என்று கடையை விட்டு வெளியே வருமுன் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா, ஆண்டுக்கு எத்தனை, எந்த எல்லை வரை செல்லும் என்பதும் அதில் இருக்கும். வாங்கிய தோட்டாக்களின் ரசீதை ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். போல்ட்டைக் கழற்றித் தனிப் பூட்டிலும், தோட்டாவை இன்னொரு பூட்டிலும் வைக்கிறேன். உரிமம் உங்கள் பெயரில். மகனோ மருமகனோ தனியாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கோயில் கொடைக்கு வேட்டுப் போடுவது ஊர் வழக்கம்தான், அதைத் துப்பாக்கியால் போட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

தேர்தல் அறிவித்தால் ஒப்படைக்கச் சொல்லி நிலையத்திலிருந்து ஆள் வரும். சட்டமன்றத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நம் பக்கத்தில் 2021 ஏப்ரலில் சட்டமன்றம், அதே ஆண்டு அக்டோபரில் ஊரக உள்ளாட்சி, 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சி என்று வரிசையாக வந்தன. ரைபிளை எண்ணெய் தடவி, காடாத் துணியில் சுற்றி, எண் எழுதிய அட்டையைக் கட்டிக் கொடுங்கள். கொடுக்கும்போது கட்டையில் இருந்த கீறல்களையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். முடிவு வந்த பிறகு நீங்களே போய்க் கேட்டால்தான் திரும்பக் கிடைக்கும்.

உரிமம் ஐந்து ஆண்டுக்கு. முடிவதற்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். என்னுடையதன் தேதியை வீட்டு நாட்காட்டியில் எழுத முடியாதே என்று இரும்புப் பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன்.